கச்சம்: நதி மூடும் நிலம்

கட்ச் எல்லோருக்கும் தெரிந்த பெயர். குஜராத்தின் மேற்குக் கோடியில் உள்ள மாவட்டம். பரப்பளவில் இந்தியாவிலேயே மிகப் பெரியது. அதே மாநிலத்தில் நர்மதை கடலில் கலக்குமிடத்துக்கு அருகே பரூச் நகரம் இருக்கிறது. பிரயாகையில் வசிக்கும் நம் அங்கத்தினர்கள் கங்கைக் கரையோரத் தாழ்ந்த நிலத்தை ஊர் ஜனங்கள் 'கச்சார்' என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். அஸ்ஸாமில் பராக் நதிக்கரையில், சில்சாரைத் தலைநகராகக் கொண்ட காச்சார் மாவட்டம் இருக்கிறது. மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை சிதறிக் கிடக்கும் இந்தப் பெயர்களை இணைப்பது ஒரு பழைய சொல். அதுதான் 'கச்சம்'. ஸம்ஸ்கிருத அகராதிகள் இதற்கு நதியோர நிலம், நீர் தோய்ந்த தாழ்நிலம் என்று பொருள் தருகின்றன.

மத்திய அரசுப் பணியில் பல மாநிலங்களில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது பௌதிகம். ஊர்ப் பெயர்களுக்குப் பொருள் தேடுவது பழக்கமாகிவிட்டது. இந்த ஒரு சொல்லின் கதை இன்றைக்கும் நமக்கு உபயோகமானது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

யாஸ்கர் சொல்லும் பொருள்

வேதச் சொற்களுக்குப் பொருள் கூறும் நூல்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது யாஸ்கரின் நிருக்தம். அதன் நான்காம் அத்தியாயத்தில் 'அகூபாரம்' என்ற சொல்லை விளக்க வந்த யாஸ்கர், அது ஆமையையும் குறிக்கும் என்கிறார். ஆமைக்கு 'கச்சபம்' என்று பெயர். கச்சத்தைக் காப்பது, கச்சத்தால் தன்னைக் காப்பது, கச்சத்தால் பருகுவது என்று அதற்கு மூன்று விதமாகப் பொருள் சொல்கிறார். அந்த இடத்திலேயே நதியின் கச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். 'க' என்றால் நீர்; நீரால் மூடப்படுவதால் அது கச்சம் என்பது அவருடைய விளக்கம்.

இன்றைய மொழியியலார் இதை அப்படியே ஏற்பதில்லை. யாஸ்கருடைய முறை வேறு, அவர்களுடைய முறை வேறு. ஆனால் பொருளைப் பாருங்கள். கரை என்று அவர் சொல்லவில்லை. நதிக்கு அருகில் உள்ள நிலம் என்றும் சொல்லவில்லை. நீர் வந்து மூடுகிற நிலம் என்கிறார். வருஷத்தில் எட்டு மாதம் உலர்ந்து கிடந்தாலும் வெள்ளக் காலத்தில் அது நதியின் பாகம் என்ற அறிவு அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. பௌதிகம் படித்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கரை புரண்ட நீர் அகலமாகப் பரவியதும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமந்து வந்த மண்ணைத் தாங்க முடியாது. கனமான மணல் முதலில் படியும். மெல்லிய வண்டல் சற்று தள்ளிப் படியும். அந்த நிலம் உண்டாவதே வெள்ளத்தால்தான்.

அமரகோசமும் இதே வகையில்தான் பேசுகிறது. நீர் நிறைந்த பூமிக்கு 'அநூபம்' என்று பெயர் சொல்லி, கச்சமும் அப்படிப்பட்டதே என்கிறது. கரைக்கு அமரர் தரும் பெயர்கள் கூலம், ரோதஸ், தீரம், ப்ரதீரம், தடம். தண்ணீர் வடிந்த பின் வெளியே தெரியும் மணல் திட்டுக்குப் புலினம் என்று பெயர். மழையை நம்பிய பூமி தேவமாத்ருகம், நதி நீரை நம்பிய பூமி நதீமாத்ருகம். தேவமாத்ருகத்துக்கு வானம் தாய். நதீமாத்ருகத்துக்கு நதி தாய். கரை வேறு, கச்சம் வேறு என்று பிரித்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர்.

பஞ்சகச்சமும் ஆற்றங்கரையும்

'கச்சம் என்றால் நாங்கள் உடுத்துவது அல்லவா?' என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேஷ்டியை ஐந்து இடங்களில் சொருகிக் கட்டுவதால் பஞ்சகச்சம். ஸம்ஸ்கிருதத்தில் இடுப்பில் சொருகும் ஆடையின் ஓரத்துக்கும் கச்சம் என்றே பெயர். நிலத்துக்கும் ஆடைக்கும் வந்திருப்பது ஒரே சொல்லா, ஒலி ஒத்த இரண்டு சொற்களா என்பதில் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு.

ஒரே சொல் என்பவர்களின் வாதம் இது. ஸம்ஸ்கிருதத்தில் 'கக்ஷம்' என்றால் அக்குள், விலாப்புறம். 'கக்ஷ்யா' என்றால் இடுப்பைச் சுற்றிக் கட்டும் கச்சை. ஸம்ஸ்கிருதத்தின் 'க்ஷ' பேச்சு வழக்கில் பல இடங்களில் 'ச்ச' ஆகிவிடும். வடக்கே லக்ஷ்மண் என்ற பெயர் லச்மன் ஆவதை நாம் தினமும் கேட்கிறோம். கரடிக்கு ஸம்ஸ்கிருதத்தில் ருக்ஷம், ஹிந்தியில் ரீச். அதே போல் கக்ஷம் கச்சம் ஆகி, பக்கம், ஓரம் என்ற பொருளில் ஆடையின் ஓரத்துக்கும் நதியின் ஓரத்துக்கும் பெயராக நின்றது என்கிறார்கள்.

இதற்கு நல்ல ஒப்புமை தமிழிலேயே இருக்கிறது. ஆற்றுக்கும் கரை உண்டு, வேஷ்டிக்கும் கரை உண்டு. மயில்கண் கரை என்று சொல்லும்போது யாரும் ஆற்றை நினைப்பதில்லை. ஆனால் சொல் ஒன்றுதான். ஓரத்தைக் குறிக்கும் சொல் துணிக்கும் நதிக்கும் பொதுவாக இருப்பது மனித மனத்துக்கு இயல்பானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாணினி அறிந்த கச்சம்

அஷ்டாத்யாயியில் இந்தச் சொல் இரண்டு விதமாக வருகிறது. ஒரு சூத்திரம் (4.2.126), கச்சம் என்று முடியும் ஊர்ப் பெயர்களைப் பற்றியது. காசிகை என்ற உரை இதற்கு தாருகச்சம், பிப்பலீகச்சம் என்ற பெயர்களை உதாரணம் காட்டுகிறது. ஆகவே அக்காலத்தில் 'கச்சம்' என்று முடியும் ஊர்கள் பல இருந்தன என்று தெரிகிறது. நம் ஊர்களில் 'துறை' என்றும் 'குறிச்சி' என்றும் முடிவது போல.

அடுத்த சில சூத்திரங்களில் (4.2.133, 134) கச்சம் ஒரு தேசத்தின் பெயராகவே வருகிறது. சிந்து, காந்தாரம், காம்போஜம், காஷ்மீரம் ஆகியவற்றோடு சேர்த்து அது எண்ணப்படுகிறது. இங்கே ஒரு சுவையான நுணுக்கம் உண்டு. கச்ச தேசத்து மாட்டுக்கு 'காச்சம்' என்று பெயர். ஆனால் அந்த தேசத்து மனிதனுக்கும், அவனுடைய சிரிப்பு, பேச்சு போன்றவற்றுக்கும் 'காச்சகம்' என்று வேறு விகுதி வரும். சிரிப்பையும் பேச்சையும் உதாரணமாகத் தருவது உரையாசிரியர்கள். கட்ச்காரர்களின் பேச்சும் சிரிப்பும் தனி என்று அன்றைக்கே பெயர் வாங்கியிருக்கிறார்கள்!

கச்சம் என்று முடியும் ஊர்களில் மிகப் புகழ் பெற்றது பரூச். பாலி ஜாதகக் கதைகளில் அது பருகச்சம். புராணங்களில் ப்ருகு மகரிஷியின் பெயரோடு சேர்த்து ப்ருகுகச்சம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரையக் கடலின் பெரிப்ளஸ்' அதை பாரிகாசா என்கிறது. கச்சம் 'காசா'வாகி, இன்று 'ச்' என்ற ஒற்றெழுத்தாகச் சுருங்கிவிட்டது. நர்மதை கடலை அடையும் தாழ்நிலத்தில் அமைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

வறண்ட நிலத்துக்கு ஈரப் பெயர்

ஆனால் கட்ச் மாவட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பாலைவனம் போல் கிடக்கும் இடத்துக்கு நீர் தோய்ந்த நிலம் என்று பெயரா? தேச வரைபடத்தில் கவிழ்ந்த ஆமை போல் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று அங்கே சொல்வார்கள். வரைபடம் வருவதற்கு வெகு காலம் முன்பே பெயர் இருந்தது என்பதால் அது ஏற்கத்தக்கதல்ல. விடை சரித்திரத்தில் இருக்கிறது.

சிந்து நதியின் கிழக்குக் கிளை ஒன்று முன்பு கட்ச்சின் மேற்கு ஓரமாக, இன்றைய கோரி கழிமுகம் வழியே கடலை அடைந்தது. அதன் நீரால் லக்பத் வட்டாரத்தில் நெல் விளைந்தது. 1762-ல் ஜாரா என்னுமிடத்தில் சிந்து தேசத்துக்கும் கட்ச்சுக்கும் பெரிய போர் நடந்தது. அதன் பின் சிந்துவை ஆண்ட குலாம் ஷா கல்ஹோரா அந்தக் கிளையின் குறுக்கே அணை எழுப்பி நீரைத் தடுத்தார். வயல்கள் காய்ந்தன. 1819 ஜூன் 16 அன்று பெரும் பூகம்பம் வந்தது. சிந்த்ரி கோட்டை இருந்த பகுதி தாழ்ந்து நீரில் மூழ்கியது. அதற்கு வடக்கே பூமி நீண்ட மேடாக உயர்ந்தது. மனிதர் கட்டிய அணையிலிருந்து வேறுபடுத்த, ஜனங்கள் அதை 'அல்லா பந்த்', அதாவது கடவுள் கட்டிய அணை, என்றார்கள்.

ஆனால் 1826-ல் சிந்துவில் பெருவெள்ளம் வந்தபோது, மனிதர் போட்ட அணைகளையும் அல்லா பந்தையும் உடைத்துக்கொண்டு நீர் பழைய வழியிலேயே பாய்ந்தது. அறுபது வருஷங்களுக்குப் பின்னும் நதி தன் பாதையை மறக்கவில்லை. ஆகவே கட்ச் என்ற பெயர் பொய்யல்ல. நிலம் மாறியது, பெயர் பழைய நிலையின் சாட்சியாக நின்றுவிட்டது.

அர்த்தசாஸ்திரமும் தர்பூசணியும்

கங்கைச் சமவெளியில் இந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. கச்சார் நிலத்தில் மழைக்காலப் பயிர் கிடையாது. வெள்ளம் வடிந்து மணல் வெளியே வந்ததும் குழி தோண்டி, எரு இட்டு, குளிர்காலத்தில் விதை போடுகிறார்கள். வெள்ளரி, பாகற்காய், சுரை, பர்வல், முலாம்பழம், தர்பூசணி எல்லாம் கோடையில் சந்தைக்கு வருகின்றன. மேலே மணல் காய்ந்திருந்தாலும் கொடியின் வேர் கீழே உள்ள நதி ஈரத்தைத் தொட்டுவிடும். அடுத்த வெள்ளத்துக்கு முன் அறுவடையை முடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். உத்தரப் பிரதேசத்தில் காய்கறி பயிரிடுவதில் கைதேர்ந்த 'காச்சி' சமூகத்தாரின் பெயரும் இந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் கருதுகிறார்கள்.

இது புதிய யுக்தி அல்ல. அர்த்தசாஸ்திரத்தில் அரசு விவசாயத்தைக் கவனிக்கும் அதிகாரியைப் பற்றிய அத்தியாயம் (2.24), எந்த நிலத்தில் எதைப் பயிரிடலாம் என்று வகுக்கிறது. நதியின் நுரை வந்து மோதும் நிலம் கொடியில் காய்ப்பவற்றுக்கு. வெள்ளம் பரவும் எல்லை திப்பிலி, திராட்சை, கரும்புக்கு. கிணற்றோரம் கீரை, கிழங்குக்கு. நுரை மோதும் நிலத்தில் கொடிக்காய் என்ற விதியைத்தான் பிரயாகையின் விவசாயி இன்றும் செய்கிறார். காசிகை தரும் பிப்பலீகச்சம் என்ற ஊர்ப் பெயரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிப்பலி என்றால் திப்பிலி.

சாஸ்திரம் சொல்லும் கட்டுப்பாடு இதுதான்: அந்த நிலத்தில் பயிர் செய், ஆனால் நதி திரும்பி வருவதற்குள் எழுந்துவிடு. 2025 ஜனவரி, பிப்ரவரியில் நடந்த மஹா கும்பமேளாவின் கூடார நகரமும் இந்த விதிக்கு உட்பட்டதே. அங்கத்தினர்கள் பலர் போய் வந்திருப்பீர்கள். அதே மணல் வெளி அந்த ஆகஸ்டில் வெள்ளத்துக்கு அடியில் இருந்தது. கூடாரம் போட்ட முன்னோர் விவரம் தெரிந்தவர்கள்.

ஊருக்கு ஊர் ஒரு பெயர்

காச்சார் மாவட்டத்தின் பெயர் அங்கு ஆண்ட திமாசா கச்சாரி மன்னர்களோடு தொடர்புடையது என்பது ஒரு கருத்து. நதி அல்லது மலையடி ஓரத்தைக் குறிக்கும் வங்காள 'காச்சார்' என்பது மற்றொன்று. சில்சார் என்ற பெயரில் உள்ள 'சில்' கல். 'சர்' ஆற்றங்கரைத் திட்டு.

வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் நதி உண்டாக்கும் நிலம் சர். பீஹாரில் தியாரா. டில்லி, ஹரியானாவில் வெள்ளம் தொடும் புதிய வண்டல் நிலம் காதர். தொடாத மேட்டு நிலம் பாங்கர். சிந்து மாகாணத்தில் கரைக்கு உள்ளே நதிப் பக்கம் உள்ளது கச்சோ. ஆந்திராவில் கோதாவரியின் நடுவே உள்ள திட்டுகள் லங்கா.

நம் காவிரி, கொள்ளிடக் கரையில் இதற்குப் படுகை என்று பெயர். 'படு' என்ற வினையடி. வண்டல் படுவதால் படுகை. கச்சம் நீர் மூடுவதைச் சொல்கிறது. படுகை நீர் விட்டுச் செல்வதைச் சொல்கிறது. எங்கள் கிராமத்தில் படுகை என்றால் வாழையும் கோரையும் நாணலும்தான். வீடு மட்டும் கரைக்கு இந்தப் பக்கம். படுகையில் வீடு கட்ட வேண்டும் என்று யாரும் யோசித்ததே இல்லை.

சட்டமும் நதியும்

நதியோடு நிலம் வருவதும் போவதுமாக இருந்தால் உரிமை யாருக்கு? பாரசீக மொழி வழங்கிய காலத்து ரெவின்யூ அதிகாரிகள் இதற்குச் சொற்கள் வைத்திருந்தார்கள். நதி அரித்துக்கொண்டு போனது 'கங்-சிகஸ்த்'. நதி வெளியே தள்ளியது 'கங்-பரார்'. எந்த நதியானாலும் கணக்கில் கங்கையின் பெயர்தான்.

கம்பெனி ஆட்சியில் வங்காளத்துக்காக 1825-ம் வருஷத்து 11-வது ரெகுலேஷன் இதற்கென்றே வந்தது. தெளிவான உள்ளூர் வழக்கம் இருந்தால் அதன்படி தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த நிலம் அடுத்துள்ள நிலக்காரருக்கு. நதி திடீரென்று பாதை மாறி ஒருவர் நிலத்தைத் துண்டித்தால் அது பழைய சொந்தக்காரருக்கே. முழுகிப் போன நிலம் அதே இடத்தில் அடையாளம் தெரியும்படி மறுபடி வெளிவந்தால் பழைய உரிமையாளருக்கே சேரும் என்று 1870-ல் லண்டன் ப்ரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

இந்த விதிகள் எல்லாம் மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள வழக்கைத் தீர்ப்பவை. நதியை அவற்றால் கட்டுப்படுத்த முடியாது என்பதை அவற்றை எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள்.

சொல் மறந்தால்

இதெல்லாம் அகராதி விஷயம், நமக்கு என்ன என்று தோன்றலாம். ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். 2008 வாக்கில் என் மருமான் ஒருவன் உத்தியோக நிமித்தம் அப்போது அலகாபாத் என்று வழங்கிய பிரயாக்ராஜில் இருந்தான். கங்கையோரமாகப் புதிதாகக் கிளம்பிய காலனியில் மனை வாங்க முன்பணம் கொடுக்க இருந்தான். தரகர் தந்த வண்ணக் காகிதத்தில் நதி தெரியும், காற்று வரும் என்றெல்லாம் இருந்தது. பழைய நில ஆவணத்தின் நகலை அனுப்பச் சொன்னேன். மண்வகைப் பத்தியில் ஒரே சொல்: கச்சார்.

பழக்கமான ஓய்வு பெற்ற லேக்பால் ஒருவரை, அதாவது நம் பக்கத்து கர்ணம் போன்றவரை, போய்ப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெரியவர் ஆவணத்தைப் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் அது கங்காஜியின் நிலம், மற்ற மாதங்களில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றாராம். யாஸ்கர் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். மருமான் வேறு இடத்தில் வாங்கினான். 2013-ல் கங்கையும் யமுனையும் அபாய அளவான 84.73 மீட்டரைத் தாண்டியபோது அந்தக் காலனியில் தரைத்தளம் முழுகி, ஜனங்கள் மொட்டை மாடியில் இருந்தார்கள். 2021-லும் 2025-லும் மறுபடி நதி அந்த அளவைத் தாண்டியது.

இது ஒரு ஊரின் கதை அல்ல. 2022 ஜூனில் பெதுகண்டியில் பராக் நதிக்கரையில் ஏற்பட்ட உடைப்பால் சில்சார் நகரின் பெரும்பகுதி நாள்கணக்கில் நீரில் நின்றது. 2023 ஜூலை 13 அன்று டில்லியில் யமுனை 208.66 மீட்டரை எட்டி, 1978-ல் ஏற்பட்ட 207.49 மீட்டர் என்ற பழைய உச்சத்தைக் கடந்தது. செங்கோட்டையின் பின் மதில் வரை நீர் வந்தது. ஷாஜஹான் காலத்தில் நதி ஓடிய இடம் அதுதான். அதே வருஷம் செப்டம்பரில் பரூச் பழைய பாலத்தருகே, அபாய அளவு 24 அடியாக உள்ள இடத்தில் நர்மதை 40 அடியை எட்டியது. அணையில் நீர் திறந்த விதம், கரை பராமரிப்பு என்று காரணங்கள் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் நீர் பரவிய நிலங்களில் பெரும்பகுதிக்குப் பழைய பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது. டில்லியின் மதன்பூர் காதர், ஜைத்பூர் காதர் போன்ற பெயர்களில் இன்றும் இருக்கிறது. படிப்பவர்தான் இல்லை.

நம் பிள்ளைகள் இன்று பிழைப்புக்காக நதிக்கரை நகரங்கள் பலவற்றில் குடியேறுகிறார்கள். ஜாதகம் பார்க்கிறோம், வாஸ்து பார்க்கிறோம். அவற்றோடு அந்த நிலத்தின் பழைய பெயரையும் ரெவின்யூ பதிவில் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். கச்சார், காதர், தியாரா, சர், லங்கா, படுகை — இவற்றில் எது இருந்தாலும், வெள்ளம் வந்தால் இங்கே நீர் எத்தனை அடி என்று அக்கம்பக்கத்து வயோதிகர் ஒருவரைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அங்கத்தினர்களிடம் ஒரு வேண்டுகோள். தாங்கள் வசிக்கும் ஊரில் நதி மூடும் நிலத்துக்கு என்ன பெயர் வழங்குகிறது, அங்கே என்ன பயிரிடுகிறார்கள், இப்போது அங்கே என்ன கட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்து, ஆசிரியர் குழுவுக்கு ஒரு தபால் எழுதுங்கள். குவாலியர், நாசிக், கட்டாக், கௌஹாத்தி, விஜயவாடா என்று எந்த ஊரானாலும் சரி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியலாக வெளியிட்டால், வீடு தேடும் நம் அடுத்த தலைமுறைக்கு அது கைகொடுக்கும்.